ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ரிசீவர் வாங்கப் போகிறேன் என்று வருகிற நண்பர்களும், அவர்கள் அனுப்பிவைக்கிற நண்பர்களும் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் விளக்குவதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தது இது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். படம், பாட்டு இரண்டுக்கும் ஒரே செட் வேண்டும் என்பவர்களுக்காக எழுதியது. படம் மட்டும் போதும் என்றால் பாட்டுக் கேள்விகளைத் தாண்டிப் போய்விடலாம்.

டிவியிலேயே ஸ்பீக்கர் இருக்கிறதே, ரிசீவர் தனியாக என்ன செய்யப் போகிறது?

டிவி மெலிய மெலிய அதற்குள் ஸ்பீக்கருக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. இருக்கிற சின்ன ஸ்பீக்கரும் பெரும்பாலும் தரையைப் பார்த்தோ பின்சுவரைப் பார்த்தோ உட்கார்ந்திருக்கும். படம் பெரிதாகிக்கொண்டே போக, குரல் மட்டும் சிறுத்துவிட்டது.

ரிசீவர் செய்வது நான்கு வேலைகள். ப்ளேயர், கேம் கன்சோல், ஸ்ட்ரீமிங் பெட்டி எல்லாவற்றின் வயரையும் தன்னிடம் வாங்கிக்கொண்டு படத்தை டிவிக்கு அனுப்பும். ஒலியைப் பிரித்து எந்த ஸ்பீக்கருக்கு எது என்று பங்கிடும். உங்கள் அறைக்கு ஏற்ற மாதிரி அதைத் திருத்தும். கடைசியாக அதைப் பெருக்கி ஸ்பீக்கர்களை ஓட்டும். விளம்பரங்களில் எல்லாம் கடைசி வேலையைப் பற்றித்தான் பேச்சு. என்னைக் கேட்டால் மூன்றாவது வேலைதான் ஒரு ரிசீவரையும் இன்னொன்றையும் பிரித்துக் காட்டுவது.

சவுண்ட்பார் போதாதா?

பலருக்குப் போதும். ஸ்பீக்கர் வைக்க இடமில்லை, வயர் இழுக்க முடியாது, பாட்டு பெரும்பாலும் ஹெட்போனில்தான் என்றால் சவுண்ட்பாரே வாங்குங்கள். உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் பழக்கம் இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். இடது, வலது ஸ்பீக்கர்கள் தள்ளி நின்றால்தான் பாடகர் நடுவிலும் வாத்தியங்கள் அவரைச் சுற்றியும் நிற்பது போலக் கேட்கும். ஒரு மீட்டர் நீளப் பெட்டிக்குள் அது சுலபமாக வராது.

5.1, 7.2, 5.1.2 என்கிறார்களே, இந்தப் புள்ளிக் கணக்கு என்ன?

முதல் எண், காது உயரத்தில் உங்களைச் சுற்றி இருக்கும் ஸ்பீக்கர்கள். இரண்டாவது, சப்வூஃபர், அதாவது பேஸ் என்கிற ஆழ்ந்த ஒலியை மட்டும் வாசிக்கும் பெட்டி. மூன்றாவது, மேலிருந்து ஒலிக்கும் ஸ்பீக்கர்கள். 5.1.2 என்றால் முன்னால் மூன்று, பக்கவாட்டில் இரண்டு, ஒரு சப்வூஃபர், கூரையில் இரண்டு. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும்படி பதிவாகும் டால்பி அட்மாஸ், டிடிஎஸ் எக்ஸ் இரண்டுக்கும் மூன்றாவது எண் வேண்டும். அட்மாஸ் 2012-இல் திரையரங்குக்கும் 2014-இல் வீட்டுக்கும் வந்தது. அதனால் அதற்கு முந்தைய ரிசீவர்களில் மூன்றாவது எண்ணையே பார்க்க மாட்டீர்கள்.

இதில் ஒரு கண்கட்டு உண்டு. அட்டையில் ‘9.2’ என்று போட்டிருந்தால் ஒன்பது சேனலுக்கு (ஒரு ஸ்பீக்கருக்கான ஒலி ஒரு சேனல்) ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கும் பகுதி, உள்ளே இருக்கிறதா, அல்லது ஒன்பது சேனலைப் பிரிக்க மட்டும் தெரியுமா என்று பாருங்கள். பிரிப்பது 11, ஓட்டுவது 9 என்று இருக்கும் மாடல்கள் நிறைய. மிச்சம் இரண்டுக்கு வெளியே தனி ஆம்ப் வாங்க வேண்டிவரும். இரண்டு சப்வூஃபர் சாக்கெட் இருந்தால் ‘.2’ என்று போட்டுவிடுவார்கள். பல ரிசீவர்களில் இரண்டிலும் வருவது ஒரே சிக்னல்தான். இரண்டையும் தனித்தனியாக அளந்து நேரமும் அளவும் சரிசெய்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அப்படியானால் எனக்கு எத்தனை சேனல் வேண்டும்?

ஸ்பீக்கரை எங்கே வைக்க முடியும் என்று முதலில் பாருங்கள். சோபா பின்சுவரை ஒட்டி இருந்தால் பின்பக்க ஸ்பீக்கர் இரண்டுக்கு இடமே இல்லை, 7.1 வீண். அந்த இரண்டு சேனலையும் கூரைக்குக் கொடுத்து 5.1.2 ஆக்கினால் பிரயோசனம் உண்டு. ஏழு சேனல் ரிசீவர் வாங்கினால் இரண்டில் எதையும் பிறகு முடிவு செய்யலாம் என்பதால் பெரும்பாலானவர்களுக்கு அதையே சொல்வேன்.

கூரையில் துளை போட முடியாதவர்களுக்கு, மேல்நோக்கி ஒலித்துக் கூரையில் பட்டுத் திரும்பி வரும் ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. கூரை சமதளமாக, கெட்டியாக, ரொம்ப உயரமில்லாமல் இருந்தால் ஓரளவு வேலை செய்யும். சரிவான கூரை, ஒலியை உறிஞ்சும் பலகை ஒட்டிய கூரை என்றால் விட்டுவிடுங்கள்.

ஒன்றில் 150 வாட், இன்னொன்றில் 80 வாட். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். 150 தானே நல்லது?

இல்லை. இரண்டு ஒரே ஆம்பாகவே கூட இருக்கலாம். வாட் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 150 வாட் என்பதன் பக்கத்தில் ‘6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன், 1 சேனல்’ என்று இருக்கும். 80 வாட் பக்கத்தில் ‘8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீத டிஸ்டார்ஷன், 2 சேனல்’ என்று இருக்கும்.

முதல் வரியை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை, அது குறைந்தால் அதே மின்னழுத்தத்தில் வாட் கூடுதலாகக் காட்டும். ஒரே ஒரு சுருதியை மட்டும் ஊதச் சொல்வது, ஆழ்ந்த பேஸிலிருந்து உச்சக் கீச்சு வரை எல்லாவற்றையும் ஓட்டுவதைவிடச் சுலபம். 10 சதவீத டிஸ்டார்ஷன் என்பது காதுக்கு நன்றாகவே தெரியும் கரகரப்பு. அந்த நிலையில் யாரும் பாட்டுக் கேட்க மாட்டார்கள். மற்ற சேனல்களைச் சும்மா வைத்துவிட்டு ஒன்றை மட்டும் ஓட்டினால் மொத்த பவர் சப்ளையும் அந்த ஒன்றுக்கே கிடைக்கும். இத்தனை சலுகையோடு வாங்கிய 150 அது. ஆகவே ஒப்பிடுவது என்றால் 8 ஓம், முழு அலைவரிசை, 2 சேனல் என்று எழுதியிருப்பதை மட்டும் ஒப்பிடுங்கள். அந்த எண்ணைத் தேடியும் கிடைக்கவில்லை என்றால் அதுவே ஒரு பதில்.

சரி, எத்தனை வாட் இருந்தால் போதும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஸ்பீக்கரின் விவரத்தில் சென்சிடிவிட்டி என்று ஒன்று இருக்கும். 87 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 87 டெசிபல் கேட்கும் என்று பொருள். நீங்கள் 3 மீட்டரில் உட்கார்ந்தால் சுமார் 9.5 குறைந்து 77.5 ஆகும். இது வெட்டவெளிக் கணக்கு. அறைக்குள் சுவர்கள் திருப்பிக் கொடுப்பதால் குறைவு இவ்வளவு இருக்காது. எப்படிப் பார்த்தாலும் ஒரே வாட்டில் சாதாரணப் பேச்சைவிட உரக்கவே கேட்கும்.

இனி, வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. 1, 2, 4, 8, 16 என்று போனால் 16 வாட்டில் சுமார் 90 டெசிபல் வரும். வீட்டில் இருப்பவர்கள் ‘கொஞ்சம் குறை’ என்று சொல்லும் அளவு அது. அதே ஸ்பீக்கரில் திரையரங்கின் 105 டெசிபல் உச்சம் வேண்டும் என்றால் 500 வாட்டுக்கு மேல் போய்விடும். 80 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு டெசிபல். அதற்காகப் பணம் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் 90 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கர் வாங்கினால் அதே ரிசீவர் இரண்டு மடங்கு வாட் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

என் ஸ்பீக்கர் 4 ஓம். ரிசீவர் பின்னால் 6 முதல் 16 ஓம் என்று போட்டிருக்கிறது. போடலாமா?

அறை சிறியது, சென்சிடிவிட்டி சுமாராவது இருக்கிறது, காதைப் பிளக்கும் அளவுக்கு வைப்பதில்லை என்றால் நடைமுறையில் பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால் 4 ஓம் ஸ்பீக்கர் அதிக மின்னோட்டத்தை இழுக்கும், ஆம்ப் சூடாகும், உரக்க வைத்தால் தற்காப்புக்காகத் தானே அணைந்துகொள்ளும். 4 ஓம் ஏற்கும் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கும் ரிசீவரை வாங்குவது நிம்மதி.

மெனுவில் 4 ஓம், 8 ஓம் என்று ஒரு தேர்வு இருக்கும். அதை மாற்றினால் ஸ்பீக்கருக்குப் பொருந்திவிடும் என்று நினைக்கிறார்கள். அது சூடேறாமல் இருக்க ஆம்பின் கையைக் கட்டி வைக்கும் ஏற்பாடு. கிடைக்கும் பவரும் அதோடு சேர்ந்து குறையும்.

பாட்டுக்கு ரிசீவர் ஆகாது, ஸ்டீரியோ ஆம்ப்தான் என்கிறார்களே?

பாதி உண்மை. ஒரே விலையில் வாங்கினால் ஸ்டீரியோ ஆம்பில் மொத்தப் பணமும் இரண்டு சேனலுக்குப் போகிறது. ரிசீவரில் ஏழு சேனல், படமும் ஒலியும் ஒரே வயரில் வரும் எச்டிஎம்ஐ, டால்பி உரிமம் என்று பிரிகிறது. ஓட்டக் கடினமான ஸ்பீக்கர் இருந்தால் இந்த வித்தியாசம் தெரியும். ஆனால் ரிசீவரில் பாட்டு கேட்கும்போது ஓடுவதும் இரண்டு சேனல்தான், பவர் சப்ளை முழுவதும் அவற்றுக்குத்தான். முன்னே போட்ட கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்: சாதாரண சத்தத்தில் சில வாட்டுகள்தான் செலவாகின்றன.

சொல்லாமல் விடப்படும் மறுபாதி, ரிசீவரிடம் இருக்கிற சப்வூஃபர் பிரிப்பும் அறைத் திருத்தமும். சின்ன புத்தக அலமாரி ஸ்பீக்கர்களின் பேஸ் பளுவை சப்வூஃபரிடம் ஒப்படைத்துவிட்டு, அறையின் முழக்கத்தையும் அடக்கிவிட்டால், பாட்டில் ஏற்படும் முன்னேற்றம் எந்த ஆம்ப் மாற்றத்தையும்விடப் பெரிது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கும் என்று விழுந்து நிற்கிறதா, இழுத்துக்கொண்டே போகிறதா என்று கேட்டாலே விளங்கும். சாதாரண ஸ்டீரியோ ஆம்ப் பலவற்றில் இந்த இரண்டுமே கிடையாது.

கடையில் ஒப்பிட்டுக் கேட்கும்போது இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்கட்டும். ஒரு டெசிபல் கூடுதலாக இருப்பது எப்போதுமே ‘தெளிவாக’ இருப்பதாகத்தான் தோன்றும்.

ப்யூர் டைரக்ட் பட்டனை அழுத்தினால் பாட்டு நன்றாகிவிடுமா?

அழுத்தினால் டோன் கட்டுப்பாடு, அறைத் திருத்தம் இரண்டும் விலகும். பல மாடல்களில் சப்வூஃபரும் வாயை மூடிக்கொள்ளும். பேஸ் குறைந்ததையே தெளிவு என்று எடுத்துக்கொள்கிறோம். திருத்தம் சரியாகச் செய்த செட்டில் இந்த பட்டனால் பெரும்பாலும் நஷ்டம்தான். இதை அழுத்தினால்தான் நன்றாக இருக்கிறது என்றால், மைக் வைத்து அளந்ததில் ஏதோ கோளாறு என்று சந்தேகப்படுங்கள்.

ரெக்கார்ட் ப்ளேயரை நேராகச் சொருகலாமா?

போனோ என்று எழுதிய சாக்கெட் இருந்தால் சொருகலாம். எல்லா ரிசீவரிலும் அது இருக்காது. ஊசியிலிருந்து வரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். சாதாரண சாக்கெட்டில் போட்டால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி மெலிசாக, பேஸே இல்லாமல் கேட்கும். ப்ளேயருக்குள்ளேயே அந்தச் சிக்னலைப் பெருக்கும் ப்ரீ-ஆம்ப் இருந்தால் அதை ‘லைன்’ பக்கம் தள்ளி சாதாரண சாக்கெட்டில் போடுங்கள். அதையும் போனோ சாக்கெட்டில் போட்டால் இரண்டு முறை பெருகிக் கரகரக்கும். ரிசீவரின் போனோ பெரும்பாலும் எம்எம் (மூவிங் மேக்னெட்) வகை ஊசிக்குத்தான். எம்சி (மூவிங் காயில்) வகை என்றால் சிக்னல் பத்தில் ஒரு பங்கு அளவே வரும், தனிப் பெட்டி தேவைப்படும்.

போனில் இருக்கிற பாட்டை எப்படி அனுப்புவது? ப்ளூடூத் போதுமா?

காதில் விழுகிற பின்னணிப் பாட்டுக்குப் போதும். உட்கார்ந்து கேட்க, வைஃபை வழியாக ஏர்ப்ளே, குரோம்காஸ்ட், ஸ்பாட்டிஃபை கனெக்ட் போன்றவை மேல். போன் மணி அடித்தாலும் பாட்டு நிற்காது என்பது ஸ்பாட்டிஃபை கனெக்ட் மாதிரியான வழிகளின் கூடுதல் வசதி, ஏனென்றால் ரிசீவரே பாட்டை நேராக இணையத்திலிருந்து எடுக்கிறது. வாங்கும் முன் நீங்கள் தினமும் பயன்படுத்தும் சேவை அந்த மாடலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

எச்டிஎம்ஐ 2.1 இல்லாவிட்டால் வாங்கவே கூடாதா?

படம் பார்க்க மட்டும் என்றால் 2.0 போதும், 4கே, எச்டிஆர் எல்லாம் அதில் போகும். 2.1 தேவைப்படுவது விளையாடுகிறவர்களுக்கு: 4கே-யில் நொடிக்கு 120 ஃபிரேம், அதோடு ஃபிரேம் வேகத்துக்கேற்ப டிவி ஒத்துப்போகும் விஆர்ஆர். அட்டையில் 2.1 என்று இருந்தாலும் எத்தனை ஜிகாபிட் என்று பாருங்கள். தரநிலையின் உச்சம் 48. ரிசீவர்களில் 40 அல்லது 24 என்று இருக்கும். 24-இல் சில சமரசங்களோடுதான் 120 ஃபிரேம் வரும். எத்தனை சாக்கெட்டில் அந்த வசதி என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஆறு சாக்கெட்டில் ஒன்றே ஒன்றில் மட்டும் இருக்கும் மாடல்களும் உண்டு.

2020-இல் வந்த முதல் 2.1 ரிசீவர்கள் பலவற்றில் சிப் கோளாறால் 4கே 120-இல் சில கருவிகளுக்குத் திரை கறுத்துப் போனது. செகண்ட் ஹேண்டாக அந்த வருட மாடலை வாங்குகிறவர்கள் தங்கள் கன்சோலைக் கையோடு கொண்டுபோய்ச் சொருகிப் பார்க்க வேண்டும்.

எல்லா வயரையும் ரிசீவரில் போடவா, டிவியில் போடவா? ஆர்க், இ-ஆர்க் என்று குழப்புகிறார்களே?

ஆர்க் என்பது டிவியின் ஒலியை அதே எச்டிஎம்ஐ வயர் வழியாகத் திருப்பி ரிசீவருக்கு அனுப்பும் ஏற்பாடு. 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-ஓடு வந்தது. டிவிக்குள் இருக்கும் ஆப்களின் ஒலி இந்த வழியில்தான் ரிசீவருக்கு வரும். ஸ்ட்ரீமிங் சேவைகள் தரும் சுருக்கிய அட்மாஸ் இதில் போய்விடும். ப்ளூ-ரே டிஸ்கில் இருக்கும் இழப்பில்லாத டால்பி ட்ரூஎச்டி போகாது. அதற்கு 2.1-ஓடு வந்த இ-ஆர்க் வேண்டும், அதுவும் டிவி, ரிசீவர் இரண்டிலும்.

ரிசீவரின் சாக்கெட்டுகள் புதியவை என்றால் எல்லாம் ரிசீவருக்கு. ரிசீவர் பழையது, டிவி புதியது, இரண்டிலும் இ-ஆர்க் உண்டு என்றால் கன்சோலை டிவியில் போட்டு ஒலியை மட்டும் இ-ஆர்க்கில் திருப்புங்கள். போன கேள்வியின் 2.1 தலைவலி பாதி இதிலேயே தீர்ந்துவிடும். ஆப்டிகல் வயர் என்பது கடைசி வழி: சுருக்கிய 5.1 வரை வரும், அட்மாஸ் வராது.

அட்மாஸ் படம்தான் ஓடுகிறது, ரிசீவர் திரையில் அட்மாஸ் என்று வரமாட்டேன் என்கிறது. ரிசீவர் கோளாறா?

பத்தில் ஒன்பது தடவை டிவியின் மெனுதான் காரணம். டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் என்ற இடத்தில் ‘பிசிஎம்’ என்று இருந்தால் டிவியே ஒலியைப் பிரித்து, பல நேரம் இரண்டே சேனலாக்கி அனுப்பிவிடும். அதை ‘பாஸ்த்ரூ’ அல்லது ‘ஆட்டோ’ ஆக்குங்கள். இ-ஆர்க் தனியாக ஆன் செய்ய வேண்டிய டிவிகளும் உண்டு. வயர் சரியான சாக்கெட்டில்தான் இருக்கிறதா? டிவியில் ஆர்க் என்று எழுதிய ஒன்று, ரிசீவரில் மானிட்டர் அவுட் பக்கம் ஆர்க் என்று எழுதிய ஒன்று. அப்புறம், உங்கள் சந்தா அட்மாஸ் தரும் வகைதானா என்றும் பாருங்கள். சில சேவைகளில் மேல்தட்டுச் சந்தாவுக்கு மட்டும்தான்.

அறைத் திருத்தம் என்று மூன்று இடத்தில் சொல்லிவிட்டீர்கள். அது என்ன மந்திரம்?

மந்திரம் இல்லை, அளவெடுப்பு. 5 மீட்டர் நீள அறையில் சுமார் 34 ஹெர்ட்ஸ் ஒலி இரண்டு சுவர்களுக்கிடையே மாட்டிக்கொண்டு முழங்கும். 4 மீட்டர் அகலத்துக்கு சுமார் 43 ஹெர்ட்ஸ். நீங்கள் உட்காரும் இடத்தைப் பொறுத்து அந்த பேஸ் இரட்டிப்பாகக் கேட்கும், அல்லது காணாமலே போகும். ரிசீவரோடு வரும் மைக்கை உட்காரும் இடத்தில் வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டு தூரம், அளவு, மேடுபள்ளம் எல்லாவற்றையும் கணக்கிட்டு ரிசீவர் திருத்திக்கொள்ளும்.

டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் இது ஆடிஸி, யமஹாவில் வைபாவோ, ஆன்கியோவின் சமீப மாடல்களில் டிராக், ஆன்தமில் அவர்களுடைய சொந்த ஏற்பாடு. ஆடிஸியிலேயே படிநிலைகள் உண்டு, எக்ஸ்டி32 என்பது மேல்நிலை. வாட்டைப் பார்ப்பதற்குப் பதில் இந்தப் பெயரைப் பாருங்கள். இரண்டு மாடலுக்கு நடுவே தடுமாறினால், திருத்தம் மேலாக இருக்கும் பக்கம் சாயுங்கள்.

அளக்கும்போது செய்யும் அவசரம்தான் பலரையும் கெடுக்கிறது. மைக்கை சோபாவின் முதுகில் சாய்த்து வைக்காதீர்கள். கேமரா ஸ்டாண்டில் மாட்டிக் காது உயரத்தில், குஷனிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். முதல் அளவு நீங்கள் உட்காரும் இடத்தின் நட்ட நடுவில். மற்றவை அதைச் சுற்றி அரை மீட்டருக்குள். விசிறி, ஏசி, ஃபிரிட்ஜ் சத்தம் இல்லாத நேரம் பாருங்கள். பாட்டில் உயிர் போய்விட்டதாகத் தோன்றினால், சில மாடல்களின் ஆப்பில் திருத்தத்தை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் நிறுத்தும் வசதி இருக்கும். போட்டுப் பாருங்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

அளந்து முடித்ததும் என் முன் ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று காட்டுகிறது. பெருமைப்படலாமா?

‘ஸ்மால்’ என்று மாற்றி, க்ராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஸ்பீக்கரின் உயரத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை. 80-க்குக் கீழே உள்ள பேஸை யார் வாசிப்பது, ஸ்பீக்கரா சப்வூஃபரா என்பதுதான் கேள்வி. சப்வூஃபர் இருக்கும்போது அதனிடம் கொடுத்துவிட்டால் ரிசீவரின் ஆம்பும் மூச்சு விடும். ரொம்பச் சின்ன ஸ்பீக்கர் என்றால் 100 அல்லது 120.

டேப் வைத்து அளந்தால் சப்வூஃபர் 3 மீட்டர். ரிசீவர் 4.7 மீட்டர் என்கிறது. திருத்திவிடட்டுமா?

வேண்டாம், அப்படியே விடுங்கள். ரிசீவர் தூரத்தை அளப்பதில்லை, ஒலி வந்து சேரும் நேரத்தை அளக்கிறது. ஒரு மில்லி செகண்டுக்கு சுமார் 34 சென்டிமீட்டர். சப்வூஃபருக்குள் இருக்கும் சர்க்யூட் 5 மில்லி செகண்ட் தாமதித்தால் அது 1.7 மீட்டர் கூடுதலாகத் தெரியும். அதை 3 ஆக்கினால் பேஸ் மட்டும் பின்தங்கி விழும். மற்ற ஸ்பீக்கர்களில் இப்படிப் பெரிய வித்தியாசம் வந்தால்தான் மறுபடி அளக்க வேண்டும்.

வால்யூம் ஏன் மைனஸில் காட்டுகிறது? -20-க்கு மேல் போனால் வெடித்துவிடுமா?

0 என்பது திரையரங்கின் அளவு: முக்கிய சேனல்களில் உச்சம் 105 டெசிபல், சப்வூஃபர் சேனலில் 115. மைனஸ் 20 என்றால் அதைவிட 20 டெசிபல் கீழே. வீட்டில் பெரும்பாலானவர்கள் -30-க்கும் -15-க்கும் நடுவில்தான் இருப்பார்கள். பழைய பாட்டு ஒன்று மெதுவாகப் பதிவாகியிருந்தால் -8 வரை போனாலும் தவறில்லை. மைனஸ் பிடிக்கவில்லை என்றால் 0 முதல் 100 வரை காட்டும்படி மெனுவில் மாற்றிக்கொள்ளலாம்.

வெடிச்சத்தம் வீட்டை அதிர வைக்கிறது, வசனம் மட்டும் கேட்கவே இல்லை. ரிசீவரை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம். முதலில் நடு ஸ்பீக்கரைப் பாருங்கள். வசனம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும். அலமாரிக்குள் தள்ளி வைத்திருந்தால் விளிம்பு வரை முன்னே இழுத்து, காதைப் பார்க்கும்படி லேசாகச் சாய்த்து வையுங்கள். பிறகு மெனுவில் நடு சேனலை 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள். இரவில் டைனமிக் ரேஞ்ச் சுருக்கத்தை ஆன் செய்தால் வெடி தணிந்து பேச்சு மேலே வரும். இத்தனைக்கும் சரியாகவில்லை என்றால், அட்மாஸ் கேள்வியில் சொன்ன பிசிஎம் விஷயத்தைப் பாருங்கள். டிவி இரண்டு சேனலாக்கி அனுப்பினால் வசனத்துக்கென்று தனி சேனலே வந்து சேராது.

இத்தனை ஸ்பீக்கர் வைத்துவிட்டு பாட்டை இரண்டிலேயே கேட்பதா?

இரண்டு சேனலில் பதிவான பாட்டுக்கு இரண்டும் சப்வூஃபரும் என்பதே என் ருசி. டால்பி சரவுண்ட், டிடிஎஸ் நியூரல் எக்ஸ் போன்றவை ஸ்டீரியோவை விரித்துப் பரப்பும். சில பாட்டுக்கு அழகு, சிலதில் பாடகர் நடு ஸ்பீக்கருக்குள் சுருண்டுவிடுவார். வீட்டில் கூட்டம் இருக்கும்போது ஆல் சேனல் ஸ்டீரியோ போட்டால் எல்லா மூலையிலும் ஒரே பாட்டு.

பாட்டே அட்மாஸில் கலந்து வெளிவருவது வேறு சங்கதி. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் அதைத் தொடங்கியது. போனிலிருந்து ஏர்ப்ளேயில் ரிசீவருக்கு அனுப்பினால் இரண்டு சேனல்தான் கிடைக்கும். எச்டிஎம்ஐ வழியே அட்மாஸ் தரும் ஸ்ட்ரீமிங் பெட்டியிலிருந்து ஓட்ட வேண்டும்.

பின் சேனல் இரண்டு சும்மா இருக்கிறது. முன் ஸ்பீக்கருக்கு பை-ஆம்ப் செய்யலாமா?

ஒரே ஸ்பீக்கரின் மேல், கீழ் பகுதிகளைத் தனித்தனி ஆம்பால் ஓட்டுவதுதான் பை-ஆம்ப். செய்யலாம், கெடுதல் இல்லை. பவர் சப்ளை அதே ஒன்றுதான் என்பதால் பெரிய லாபமும் இல்லை. அந்த இரண்டைக் கூரைக்குக் கொடுங்கள்.

எந்த பிராண்ட்? மொத்தப் பணத்தில் ரிசீவருக்கு எவ்வளவு?

பிராண்டைவிட, சாக்கெட், திருத்தம், சேனல் மூன்றும் உங்களுக்குப் பொருந்துகிறதா என்பதே பெரிது. பழுதுபார்க்கும் இடம் உங்களுக்கு அருகில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரிசீவருக்குப் போகக்கூடாது என்பது என் கணக்கு. எச்டிஎம்ஐ 1.4 வந்தது 2009-இல், 2.0 வந்தது 2013-இல், 2.1 வந்தது 2017-இல். ரிசீவர் இப்படித்தான் பழசாகும். நல்ல ஸ்பீக்கர் இருபது வருடம் உழைக்கும்.

செகண்ட் ஹேண்டாக நல்ல விலைக்கு ஒன்று வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

எல்லா எச்டிஎம்ஐ சாக்கெட்டிலும் ஒரு கருவியைச் சொருகிப் படம் வருகிறதா என்று பாருங்கள். முதலில் உயிரை விடுவது அதுதான். 4கே ஸ்ட்ரீமிங் பெட்டியை அதன் வழியாக இணைப்பதானால் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு ஏற்பாடு அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சேனலையும் டெஸ்ட் டோன் போட்டுக் கேளுங்கள். அளக்கும் மைக் கூடவே வருகிறதா என்று கட்டாயம் கேளுங்கள்: அந்த மாடலுக்கென்று கணக்கிட்ட மைக் இல்லாமல் வேறொன்றைச் சொருகினால் அளவே தப்பாகும். அரை மணி நேரம் ஓடவிட்டு மேல்மூடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு, கை வைக்க முடியாத சூடு ஆகாது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் மேலே பத்து சென்டிமீட்டராவது காலியாக விட வேண்டும். செட்-டாப் பாக்ஸை அதன் தலையில் வைக்கக் கூடாது.

என்னிடம் அருமையான ஸ்டீரியோ ஆம்ப் இருக்கிறது. அதை விடவும் மனமில்லை, படத்துக்கு ரிசீவரும் வேண்டும். இரண்டையும் ஒரே ஜோடி ஸ்பீக்கரில் மாட்டலாமா?

ஸ்பீக்கர் வயரை இரண்டு ஆம்பிலும் ஒன்றாக முறுக்கி மாட்டவே கூடாது. ஒன்றின் அவுட்புட் இன்னொன்றுக்குள் பாய்ந்து இரண்டும் போய்விடும். வழி வேறு. முன் இடது, வலது சேனலுக்கு ப்ரீ-அவுட், அதாவது ஆம்பால் பெருக்கும் முன்பே ஒலியை வெளியே தரும் சாக்கெட், உள்ள ரிசீவராக வாங்குங்கள். அதிலிருந்து ஸ்டீரியோ ஆம்புக்கு வயர், ஸ்டீரியோ ஆம்பிலிருந்து முன் ஸ்பீக்கருக்கு வயர். பாட்டுக்கு ஸ்டீரியோ ஆம்ப் மட்டும் ஓடும், ரிசீவரை ஆன் செய்யவே வேண்டாம். படத்துக்கு முன் இரண்டை ஆம்பும் மற்றவற்றை ரிசீவரும் ஓட்டும். ஆனால் ஒன்று, பாட்டு நேராக ஸ்டீரியோ ஆம்புக்குப் போகும்போது ரிசீவரின் அறைத் திருத்தமும் சப்வூஃபர் பிரிப்பும் கிடைக்காது.

ஆம்பில் ஹோம் தியேட்டர் பைபாஸ் என்ற சாக்கெட் இருந்தால் வேலை முடிந்தது. அதன் வால்யூம் குமிழ் விலகிக்கொண்டு ரிசீவரின் வால்யூமே எல்லாவற்றையும் ஆளும். இல்லாவிட்டால் சாதாரண சாக்கெட்டில் போட்டு, குமிழில் ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்பது மணி முள் இருக்கும் இடம் மாதிரி. அந்த இடத்தில் வைத்து மைக்கால் அளந்துவிட்டால், படம் போடும் ஒவ்வொரு முறையும் குமிழ் அங்கேதான் இருக்க வேண்டும். குமிழுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்டிக்கர் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள், வீட்டில் வேறு யார் திருப்பினாலும் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.